புள்ளி குறித்தால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில், வீரபாண்டியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜியாலஜி பத்தி எது வேணா பேசுங்க சார், ஆனா சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாடி முடிச்சிருங்க" என்று செயலாளர் அன்புக் கட்டளை போட்டிருக்கிறார். பந்தியில் முதலில் வைப்பது தண்ணீர் என்பதால், தண்ணீரைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் நிலவியல் படித்தவனைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "சார், நம்ம தோட்டத்துல பாயிண்ட் எங்க இருக்கு?" என்பதுதான். தேங்காயைக் கையில் வைத்துப் பார்ப்பவரையும், மின்தடைக் கருவியோடு வரும் நம்மையும் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "சார், இந்தத் தண்ணி கெட்டுப்போகாம இருக்க என்ன செய்யணும்?" என்பதே அது. புள்ளி குறிப்பது பாதி வேலை. குறித்த புள்ளிக்குக் காவல் குறிப்பது மீதிப் பாதி. அந்த மீதியைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் நம் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்கின் இரு பக்க மலைகளும் அடித்தளமும் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் ஆகிய கடினப் பாறைகளே. சார்னோகைட் என்ற பெயருக்கு ஒரு சுவையான கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்த கல்லும், நம் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் கிடைக்கும் கல்லும் ஒரே இனம் என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர், 1893-இல் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். தமிழ்நாட்டுக் கல், வங்காளத்துக் கல்லறை, உலகம் முழுதும் பாடப்புத்தகத்தில் பெயர்!

இந்தப் பாறைக்கு உள்ளே தண்ணீர் இருக்க இடம் கிடையாது. மணலைப் போல நுண்ணிய துளைகள் இதில் இல்லை. தண்ணீர் இருப்பது இரண்டே இடத்தில். ஒன்று, மேலே மக்கிச் சிதைந்த பாறைப் பகுதி. நம் பழைய கமலைக் கிணறுகள் எல்லாம் இதை நம்பியே வெட்டியவை. இன்னொன்று, அதற்குக் கீழே உள்ள வெடிப்புகள். ரிக் வண்டி 500 அடி, 600 அடி என்று இறங்கித் தேடுவது இந்த வெடிப்பைத்தான். வெடிப்பு அகப்பட்டால் ஒன்றரை இஞ்சுத் தண்ணீர். அகப்படாவிட்டால் பத்தடி தள்ளிப் போட்டாலும் வெறும் புகைதான்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மணலிலோ களிமண்ணிலோ தண்ணீர் மெல்லக் கசிந்து இறங்கும்போது கிருமிகள் வடிகட்டப்படும்; நாட்கள் ஆக ஆக அவை செத்தும் போகும். வெடிப்பில் அந்த வடிகட்டல் நடக்காது. அது ஒரு குழாய் மாதிரி. இந்தப் பக்கம் விட்டது சில மணி நேரத்திலோ சில நாளிலோ அந்தப் பக்கம் வந்து நிற்கும். எந்தத் திசையில் போகும் என்பதை மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் போகும். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் ஐம்பதடி இடைவெளி விட்டால் போதும் என்பது மண்ணுக்குச் சொன்ன கணக்கு. பாறைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இதற்கு உலகம் கொடுத்த விலையுயர்ந்த பாடம் ஒன்றைச் சொல்கிறேன். கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். நம் பேரூராட்சி அளவுதான், சுமார் 5,000 ஜனம். அங்கே 1978-இல் ஐந்தாம் எண் கிணறு போட்டார்கள். 5 மீட்டர் ஆழத்துக்குத்தான் கேசிங் பைப். அதற்குச் சற்றுக் கீழேயே வெடிப்புப் பாறையிலிருந்து தண்ணீர். அப்போதே ஆய்வு செய்த நிலத்தடி நீர் வல்லுநர், சுற்றியுள்ள நிலத்தை வாங்கிக் காப்பிடமாக வைத்துக்கொள்ள ஊர் யோசிக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினார். ஊர் அதைச் செய்யவில்லை.

22 வருஷம் ஒன்றும் ஆகவில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனமழை. பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டுச் சாணத்தின் கிருமி மழைநீரோடு வெடிப்புக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது. குளோரின் கவனிக்க வேண்டியவர்களும் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. 7 பேர் இறந்தார்கள்; சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். பிறகு அமைத்த விசாரணைக் குழு, அந்தப் பண்ணைக்காரர் மேல் குற்றமில்லை, அவர் முறைப்படிதான் உரம் போட்டார் என்றே சொன்னது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தப்பு செய்கிற ஆள் இருந்தால்தான் தண்ணீர் கெடும் என்பதில்லை. கிணறு இருக்கும் இடமும் அதைச் சுற்றி நடக்கும் வேலையும் பொருந்தாவிட்டாலே போதும். 2006-இல் அந்த மாகாணம் குடிநீர் ஊற்றுப் பகுதிகளைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு நல்ல கணக்கு வைத்திருக்கிறார்கள். குடிநீர்க் கிணற்றைச் சுற்றி முதல் வட்டத்துக்குள் வேறு எந்த வேலைக்கும் இடமில்லை. இரண்டாவது எல்லையை அடியில் அளப்பதில்லை, நாளில் அளக்கிறார்கள். நிலத்துக்குள் இறங்கிய தண்ணீர் கிணற்றுக்கு வர 50 நாள் ஆகும் தூரம் எதுவோ, அதுவரை காவல். கிருமி சாக அவகாசம் வேண்டும் என்பதே காரணம். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்!

வெளிநாட்டுக் கதை போதும். நம் தமிழ்நாட்டிலேயே நொய்யல் இருக்கிறது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-இல் திறந்தார்கள். அணை நல்ல அணைதான். ஆனால் மேலே திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் வந்து அங்கே தேங்கியது. கிணறு ஊற வேண்டிய அணையிலிருந்து உப்பும் சாயமும் ஊறியது. சுற்று வட்டாரத்தில் கிணறுகள் கெட்டன, பயிர் கருகியது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. பாலாற்றங்கரையில் தோல் கழிவுக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் எல்லோருக்கும் தெரியும். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற நியதியை நாட்டுக்கே நிலைநாட்டிய தீர்ப்பு அது. ஆனால் நஷ்ட ஈட்டுப் பணத்தைப் பாறை வெடிப்புக்குள் ஊற்றிக் கழுவ முடியுமா? ஆற்று நீரை ஒரு வெள்ளம் கழுவிவிடும். நிலத்தடி நீர் கெட்டால் தலைமுறை கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்கே சாயப்பட்டறையும் இல்லை, தோல் பதனிடும் ஆலையும் இல்லையே, நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். மலை மறைவுப் பிரதேசமாகிய நமக்கு, 1895-இல் பென்னி குயிக் முடித்த பெரியாறு அணை உயிர் கொடுத்தது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அந்த வயலுக்குப் பாய்ந்த தண்ணீரில் ஒரு பங்கும், ஆறும் வாய்க்காலும் கசியவிட்ட பங்கும்தான் நம் கிணறுகளில் ஊறுகிறது. அப்படியானால் வயலில் போட்ட யூரியாவும் அதே வழியில்தானே இறங்கும்? திராட்சைப் பந்தலிலும் வாழைத் தோட்டத்திலும் போடுவதும் அடிப்பதும் அதே வழிதான். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கூடினால் கைக்குழந்தைக்கு ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் உடம்பு நீலம் பாயும். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.

அடுத்தது ஆறு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று எல்லா ஊரையும் தாண்டித்தான் முல்லையாறு வீரபாண்டிக்கு வருகிறது. ஆற்றுக்குள் உறை கிணறு இறக்கித்தான் கரையோர ஊர்கள் பல குடிக்கின்றன. மணல் இருந்தால் அது இயற்கை வடிகட்டி. மணலை அள்ளிவிட்டால் வடிகட்டியையே கழற்றி எறிந்த மாதிரி. சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறது. ஆற்றில் குளித்து ஈரத்துணியோடு வருகிறார்கள். அந்தச் சமயம் கோடை, ஆற்றில் நீர் குறைவு. அந்த எட்டு நாளும் கழிப்பிடக் கழிவு எங்கே போகிறது என்று பார்ப்பதும் பக்தியில் சேர்ந்ததுதான் என்பது என் தாழ்மையான எண்ணம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஒன்று உண்டு. மேட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் புள்ளி பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய போர், வாயில் பி.வி.சி. குழாய் சொருகியிருந்தது. "இது என்னண்ணே?" என்று கேட்டேன்.

"அது 600 அடி சார், தண்ணி விழல. சும்மா கிடக்குதேன்னு செப்டிக் டேங்கு லயனை அதுல திருப்பி விட்டுட்டேன். எவ்வளவு போனாலும் நிறையவே மாட்டேங்குது!" என்றார் பெருமையாக.

"புது போர் எங்க போடணும்ங்கிறீங்க?"

"அந்தா, அந்த வேப்ப மரத்துக்கிட்ட."

"அண்ணே, நிறையலைன்னா உள்ளே போறதுக்கு வழி இருக்குன்னு அர்த்தம். அந்த வழியிலதான் உங்க புது போரும் தண்ணி எடுக்கும். முதல்ல இதை மூடுங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தேன். அவர் பொல்லாதவர் இல்லை. கீழே எல்லாம் ஒரே வீடு என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

எனவே, பயன்பாட்டு நிலவியல் படிக்கும் மாணவர்களுக்கும், கட்டடப் பொறியியல் படித்து ஊருக்குள் வீடும் கழிப்பறையும் கட்டித் தரும் நம் நண்பர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: போர் போடும்போது கேசிங் பைப்பைக் கெட்டிப் பாறைக்குள் நன்றாக இறக்குங்கள். குழாய்க்கு வெளியே உள்ள சந்தில் நம் ஊரில் மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். அழுக்கு நீர் இறங்கும் ராஜபாட்டை அதுதான். சிமெண்டுக் கலவை ஊற்றி அடையுங்கள். தரைக்கு மேல் ஒரு முழம் குழாய் நிற்கட்டும். சுற்றி வெளிப்பக்கம் சரிவாக ஒரு சிமெண்டு மேடை போடுங்கள். மோட்டார் செலவில் இது மிகச் சிறு பங்கு.

இரண்டு: வற்றிப்போன போரைத் திறந்து போடாதீர்கள். 2019-இல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு பச்சைக் குழந்தையை அப்படிப் பறிகொடுத்தோம். மூடிவிட்டால் குழந்தைக்கும் காவல், தண்ணீருக்கும் காவல்.

மூன்று: மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். மிக நல்ல திட்டம். ஆனால் தெருத் தண்ணீரையும் தொழுவத்துத் தண்ணீரையும் நேராக போருக்குள் விடாதீர்கள். கூரைத் தண்ணீரையே முதல் மழையை விட்டுவிட்டு, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டியில் வடிகட்டித்தான் விட வேண்டும்.

நான்கு: கழிப்பறைக் குழி தோண்டும்போது அடியில் பாறை தெரிந்தால் நிறுத்துங்கள். குழிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே நல்ல மண் இருக்க வேண்டும். மேடான இடத்தில் ஆழம் குறைந்த இரட்டைக் குழியாகப் போடலாம். கிணற்றுக்கு அருகே என்றால் அடி பூசிய தொட்டி கட்டி, லாரி வைத்து எடுப்பதே உத்தமம்.

ஐந்து, இது மாணவர்களுக்கு மட்டும்: உங்கள் சொந்த ஊரில் 20 கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை நீர்மட்டம், மின்கடத்து திறன், நைட்ரேட் ஆகிய மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். கிணறு, போர், கழிவுக் குழி, குப்பைமேடு எல்லாவற்றையும் ஒரே படத்தில் குறியுங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து செய்தால் ஊராட்சி மன்றத்தில் உங்கள் நோட்டுக்கு இருக்கும் மரியாதையே வேறு.

முன்னாள் மாணவர் சங்கத்தாரிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். கட்டடத்துக்கும் வளைவுக்கும் நன்கொடை தருகிறோம், நல்லதே. அதோடு கல்லூரிக்கு ஒரு சிறிய நீர்ப் பரிசோதனைக் கூடமும் வாங்கித் தருவோம். சுற்று வட்டார விவசாயி ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தால், காசு வாங்காமல் சோதித்து, தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கட்டும் நம் பிள்ளைகள். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகாவது, "பாயிண்ட் எங்கே?" என்று கேட்பவர், "இதை எப்படிக் காப்பாத்துறது?" என்றும் கேட்பார்.

சமையற்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.