துன்பமும் தெய்வமும் ஆட்சியும்: சிங்கைத் தமிழர் மறந்த ஒரு வினா



தோ பாயோவில் வாழ்வோர் அனைவரும் கண்டிருக்கும் ஒரு காட்சியிலிருந்து தொடங்குவோம். வார இறுதியில் வீவக புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் நடைபெறுகிறது; கொம்பாங் முழங்குகிறது; பிரியாணி மணக்கிறது. இரண்டு புளோக் தள்ளி மற்றொரு கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஊதுவத்தி ஏற்றி, ஒரு சீனக் குடும்பம் இறந்தவருக்காக விழித்திருக்கிறது. நாம் இரண்டையும் கடந்து கடைக்குச் சென்று ரொட்டி வாங்கி வருகிறோம்.

இதே காட்சியை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்குடுக்கை நன்கணியார் கண்டார். புறநானூற்றின் 194ஆம் பாடல் அவருடையது. ஒரு வீட்டில் சாப்பறை, மற்றொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடி நிற்க, கணவனைப் பிரிந்த மற்றொருத்தியின் கண்ணில் நீர். உலகை இவ்வாறு அமைத்தவன் பண்பில்லாதவன் என்று புலவர் வெளிப்படையாகவே கூறிவிடுகிறார். அவர் நாத்திகர் என்று நாம் வாதிடவில்லை. படைத்தவன் ஒருவன் உண்டென்று கொண்டு, அவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார், அவ்வளவே. வள்ளுவரும் இரவச்சம் என்னும் அதிகாரத்தில், பிச்சையெடுத்தே உயிர்வாழ வேண்டிய நிலையைப் படைத்தவன் மேல் அத்தகைய சினத்தைத்தான் காட்டுகிறார். ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்த அதே வள்ளுவர் என்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

தெய்வத்தை வினவுதல் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று நம்முள் பலர் கருதுகின்றனர். அதனால்தான் நம் இலக்கியத்திலிருந்தே தொடங்கினோம். மணிமேகலையில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கையை உரைக்கும் அவையில் பூதவாதிக்கும் ஓர் இடம் உண்டு. காட்சியை மட்டுமே பெரிதும் நம்பும் அவனிடம், அனுமானம் இன்றி நின் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். நேர்மையாகச் சொன்னால், அந்த வாதத்தில் எங்கள் பக்கத்தவன் தோற்றான். ஆயினும் அவனை அவையினின்று வெளியேற்றவில்லை, சாத்தனார்.

இனி இந்த ஊருக்கு வருவோம். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். அவர் பேச்சைக் கேட்ட தமிழருள் பெரும்பாலோர் துறைமுகத்திலும் சாலைப்பணியிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உடலை விற்றுப் பிழைத்தவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு இரண்டு வசதிகள் தவறாமல் கிடைத்தன: ஒன்று கோயில், மற்றொன்று கள்ளுக்கடை. இரண்டையும் துரைமார் எதிர்க்கவில்லை. ஏன் எதிர்க்க வேண்டும்? மலேரியாவில் பிள்ளை இறந்தால், கொசு பெருகும் வடிகாலையும் கொடுக்கப்படாத மருந்தையும் பற்றிக் கேட்பவன் நிருவாகத்திற்குத் தொல்லை. அது என் தலையெழுத்து என்று தானே முடிவுகட்டிக்கொள்பவன் மறுநாள் காலை வேலைக்கு வந்துவிடுவான்.

தன்மதிப்பு இயக்கம் மதத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டின் உயிர்நாடி இதுதான் என்பது நம் கருத்து. கடவுள் உண்டா இல்லையா என்னும் தத்துவ வினா அதற்கு இரண்டாவது. துன்பத்தின் காரணத்தை ஆராய முடியாத இடத்தில் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறீர்கள் என்பதே முதற் குற்றச்சாட்டு. முற்பிறப்பு என்றால் எவரும் சென்று பார்க்க இயலாது. இறைவன் திருவுளம் என்றாலும் அவ்வாறே. காரணம் ஒளிந்துகொண்டால், காரணமானவனும் உடன் ஒளிந்துகொள்கிறான்.

1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் தமிழ் முரசு வெளிவரத் தொடங்கியது. இரண்டிலும் முன்னின்றவர் திருவாரூரிலிருந்து 1924இல் இங்கு வந்த கோ. சாரங்கபாணி. சிங்கைச் சீர்திருத்தக்காரர்கள் தமிழகத்தாரைவிட மென்மையானவர்கள். கடவுள் மறுப்பை மேடையேற்றுவதைவிடச் சாதியையும், உயிர்ப்பலியையும், தீமிதியையும், அலகு குத்துவதையும், கடன்பட்டுச் செய்யும் சடங்குகளையும் கண்டிப்பதிலேயே அவர்கள் கருத்தைச் செலுத்தினர். சாரங்கபாணி ஒரு சீனப் பெண்மணியை மணந்தார். 1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், இந்து, முஸ்லிம், கிறித்தவர், எச்சமயமும் இல்லாதவர் என எல்லாத் தமிழரும் ஒருங்கே கொண்டாட வேண்டும் என்னும் எண்ணத்திற் பிறந்தது.

இன்று நம் வகுப்பறைகளில் சாரங்கபாணி எவ்வாறு அறிமுகமாகிறார்? தமிழ்வேள், பத்திரிகையாசிரியர், பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியவர், குடியுரிமை பெறுமாறு மக்களைத் தூண்டியவர். அனைத்தும் உண்மை. ஆனால் அவரை இவ்வளவிற்கும் உந்திய முதல் வினா மட்டும் பாடத்திலிருந்து மெல்ல நழுவிவிட்டது. மொழித்தொண்டர் என்றால் எவர் மனமும் புண்படாது. சடங்கை வினவியவர் என்றால் சிலர் முகம் சுளிப்பர். நாமும் ஆசிரியராக இருந்த காலத்தில் அந்தப் பகுதியை விரைந்து கடந்தவர்களே. பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கு இல்லை.

தமிழர் அக்கரையில் நாகப்பட்டினத்திற் கப்பலேறி இக்கரைக்கு வந்தனர். அந்த நாகப்பட்டின மாவட்டத்தில் 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பேராலயக் கட்டடத்தினுள் நீர் புகவில்லை. அதனை அற்புதம் என்று போற்றியவர்கள் உண்டு. மாதாவைத் தேடி வந்தவர்களை விட்டுவிட்டு மாதாவின் சுவரைக் காத்த அற்புதம்! இதனை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட தாய் ஒருத்தியின் நிலையில் நின்று சொல்கிறோம். அவள் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த அற்புதம் இல்லை என்பதற்கு அவள் தன் பத்தியிலேயே குறை தேடத் தொடங்குவாள். 1755இல் அனைத்துப் புனிதர் நாளன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோதும் மக்கள் தேவாலயங்களில்தான் கூடியிருந்தனர். அதனைக் கண்டு கொதித்தெழுந்த வால்டேர் எழுதியவற்றை ஐரோப்பா இன்றும் படிக்கிறது. அதே பேரலை சிங்கப்பூரைத் தொடவில்லை. நாம் புண்ணியம் செய்தவர்கள் என்பதாலா? சுமத்திராத் தீவு நடுவே கிடந்தது. அதுதான் காரணம், நிலப்படத்தை விரித்தால் எவரும் பார்க்கலாம்.

இனி ஆட்சியைப் பற்றி. துன்பத்திற்கு ஆராய முடியாத காரணம் கூறுவோர், சட்டத்திற்கும் ஆராய முடியாத காரணம் கூறத் தொடங்கினால் என்ன ஆகும்? 2009 மார்ச்சில் அவேர் என்னும் பெண்கள் அமைப்பின் ஆண்டுக்கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் குழு ஒன்று நிருவாகத்தைக் கைப்பற்றியது. அக்குழுவிற் பலர் ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்பது பின்னர் வெளிப்பட்டது. மே 2ஆம் நாள் சன்டெக் மண்டபத்தில் கூடிய சிறப்புக் கூட்டத்தில், 761 பேர் ஆதரவுக்கு எதிராக 1,414 பேர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தனர். புதிய நிருவாகம் விலகியது. நாட்டின் தேவாலயங்களின் தேசிய மன்றமே, இவ்விவகாரத்தில் தேவாலயங்கள் ஈடுபடுவதைத் தான் ஏற்கவில்லை என்று முன்னரே அறிவித்திருந்தது. அந்த அறிக்கையை நாம் மதிக்கிறோம்.

ஆனால் கதை ஒருபக்கமானதன்று. 1987 மே, ஜூன் மாதங்களில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 22 பேர் தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுட் பலர் கத்தோலிக்கச் சமூகப் பணியோடு தொடர்புடையவர்கள். வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு உதவியவர்களும் அவர்களுள் இருந்தனர். மார்க்சியச் சதி என்றது அரசு. தடுத்துவைக்கப்பட்டோருட் பலர் பின்னர் அதனை மறுத்தனர். 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியதன் பின்னணியில் அந்நிகழ்வும் இருந்தது. சமயத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவோருக்குத் தடையாணை பிறப்பிக்க அச்சட்டம் இடந்தருகிறது.

சமய நிறுவனம் அரசியலில் தலையிடலாகாது என்று பேசும் நாம், வீட்டுவேலை செய்யும் ஏழைப் பெண்ணின் பக்கம் நின்ற தேவாலயத் தொண்டரை என்ன சொல்வது? நெடுநாள் நம்மை வருத்திய வினா இது. அவரது செயலுக்குத் தூண்டுதல் விவிலியமாக இருக்கலாம். ஆனால் அவர் முன்வைத்த காரணங்கள், அதாவது கூலி, ஓய்வுநாள், அடி, பட்டினி ஆகியவை, எச்சமயத்தாரும் எச்சமயமும் இல்லாதாரும் நேரிற் சென்று பார்க்கக்கூடியவை. நாம் எதிர்ப்பது நம்பிக்கையாளரின் குரலை அன்று. 'தெய்வம் சொன்னது' என்பதைத் தவிர வேறு காரணம் காட்டாமல் பிறர் வாழ்வின் மேல் சட்டம் செய்ய வருவதையே எதிர்க்கிறோம். கடவுளை மறுத்த அரசும் இதே பிழையைச் செய்ததுண்டு: 1967இல் அல்பேனியா எல்லாச் சமயங்களையும் தடைசெய்து பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடியது. கட்சி சொன்னது என்பதும் வினவ இயலாத காரணமே.

தோ பாயோவில் சுவாங் லின் மடாலயம், வைரவிமட காளியம்மன் கோயில், முஹாஜிரின் பள்ளிவாசல், உயிர்த்த கிறிஸ்து தேவாலயம் ஆகியவை ஒன்றையொன்று நெருங்கி நிற்பதைப் பெருமையுடன் சுட்டிக்காட்டுகிறோம். பெருமைப்பட வேண்டியதே. ஆனால் 2020 குடிமதிப்பின்படி, 15 வயதிற்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் 20 விழுக்காட்டினர் சமயம் இல்லாதவர்கள்; 2010இல் அது 17 விழுக்காடு. இந்தியரிடையே இவ்விகிதம் மிகக் குறைவு. தமிழ் வகுப்பில் அத்தகைய மாணவர் ஒருவரோ இருவரோ இருப்பர். பெரும்பாலும் வாய் திறவார். கட்டுரைத் தலைப்பு 'நான் சென்ற கோயில் திருவிழா' என்று வரும்போது அவரும் திருநீறு பூசியதாக எழுதி மதிப்பெண் பெற்றுச் செல்வார். நாம் திருத்திய தாள்களில் இத்தகையவை எத்தனை இருந்தனவோ!

நிறைவாக ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருத்தியின் தம்பி ஏழு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்த உடலருகே உறவினர் ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "அவன் செய்த வினை அவ்வளவும்மா, நீ அழாதே." அப்போது அவள் ஒன்றும் பேசவில்லை. வாரங்கழித்து வகுப்பு முடிந்தபின் வந்து கேட்டாள்: "ஐயா, ஏழு வயதில் என் தம்பி என்ன செய்தான்?" முற்பிறப்பு என்பார்கள் என்றோம். "எதற்கு என்று சொல்லாமல் நீங்கள் ஒருவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், நாங்கள் முதல்வரிடம் போய்ச் சொல்ல மாட்டோமா?"

நம்மிடம் விடை இல்லை. ஏன் அவனுக்கு என்பதற்கு விடை எவரிடமும் இல்லை என்றும், எவ்வாறு என்பதற்கு ஓரளவு உண்டு என்றும் சொன்னோம். மறுநாள் அவளும் நாமும் தோ பாயோ நூலகத்திற்குச் சென்றோம். எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் எவ்வாறு தறிகெட்டுப் பெருகுகின்றன என்று விளக்கும் நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, படங்கள் இருந்த பக்கத்தை விரித்து, அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், "அப்படியென்றால் இது அவன் தப்பு இல்லை" என்றாள்.