திருப்பூர்ச் சாயத்தொழிலும் கூட்டு யோசனையும்: மாநாட்டுத் தலைமை உரை



தலைமை வகிப்பவர், தமக்கு அந்த ஸ்தானத்திற்குரிய யோக்கியதை கிடையாதென்று கால்மணி நேரம் விஸ்தரித்துச் சொல்வது நம் சம்பிரதாயம். அதை இன்று விட்டுவிடுகிறேன். யோக்கியதைக் குறைவு பேச்சிலேயே தெரிந்துவிடுமாகையால், அதற்கென்று தனியே பொழுது ஒதுக்குவானேன்?

உற்பத்தி நிலைத்து நிற்க வேண்டும், அது பலர் கூடிச் செய்வதாயிருக்க வேண்டும் என்பன நம் அழைப்பிதழில் கண்ட இரண்டு இலட்சியங்கள். இவற்றை மறுப்பவர் இன்று ஒருவருமில்லை என்பதே எனக்குச் சற்று அச்சத்தைத் தருகிறது. ஏனெனில், எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயத்தை ஒருவரும் செய்வதில்லை என்பது உலக வழக்கம். ஆகவே பொதுப்படப் பேசாமல், நம் கண்ணெதிரே நடந்த ஒரு தொழிலின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எனக்குத் தோன்றும் ஓர் அபிப்பிராயத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட சிற்றூரின் அருகே காவிரியோடு கலக்கும் நொய்யல், ஒரு காலத்தில் ஏரிகளையும் அணைக்கட்டுகளையும் கோத்துக்கொண்டு பாசனம் செய்த நதி. அதன் குறுக்கே சென்னிமலைக்கு அண்மையில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டபோது, கீழ்ப்பகுதிக் குடியானவர்கள் நீர் வருமென்று காத்திருந்தார்கள். நீர் வந்தது, ஆனால் திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து புறப்பட்ட நிறமும் உப்பும் அதனோடு சேர்ந்து வந்து, நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தமையால், அணையைத் திறக்க வேண்டாமென்று விவசாயிகளே மன்றாடும் விபரீதம் நேர்ந்தது. பாசனத்திற்காக எழுந்த அணை சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாக மாறிற்று. அவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் விதித்ததையும், உச்சநீதிமன்றம் 2009-ல் அதை உறுதி செய்ததையும், அதன் பின்னும் காரியம் நடவாமையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உத்தரவு பிறந்ததையும் இச்சபையில் அறியாதார் இலர். எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருசேர நின்றன. துணி வெளிமாநிலங்களுக்கு லாரியேறிச் சென்று சாயமேறித் திரும்பிற்று. தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்திருந்தவர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அந்த நிர்ப்பந்தத்தினால் இன்றைய வடிவம் பெற்றவைதாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். ஒருவருக்கொருவர் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துப் போட்டியிட்டுக்கொண்டிருந்த பட்டறைக்காரர்கள், ஒரே குழாயில் தங்கள் கழிவை விட்டு, ஒரே நிலையத்தில் அதைத் தெளிவித்து, மீண்ட நீரைப் பங்கிட்டு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டிற்கு இசைந்தார்கள். நுண்ணுயிர்கள் கழிவை உண்டு தீர்த்தபின், சவ்வுகளின் வழியே அழுத்தித் தள்ளப்படும் நீரில் பெரும் பங்கு நன்னீராய்த் திரும்பிவிடுகிறது. எஞ்சும் கரைசலைக் கொதிகலன் நீராவியால் சுண்டவைத்தும் குளிரவைத்தும் உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். இதில் நான் மிகவும் வியந்த விஷயம் ஒன்றுண்டு. ஒரு பட்டறை சமையலுப்பையும் மற்றொரு பட்டறை சோடியம் சல்பேட்டையும் உபயோகித்தால், முடிவில் கிடைப்பது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. எல்லாரும் சல்பேட்டையே போடுவதென்று பேசி வைத்துக்கொண்டாலோ, அதே உப்பு மறுபடியும் சாயத்தொட்டிக்குத் திரும்பும். இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததாயினும், இந்த உடன்படிக்கை இல்லாவிடில் அது பாதி வேலையே செய்யும். கூட்டுறவை நல்லொழுக்கங்களில் ஒன்றாகக் கருதிப் பேசுவது நம் வழக்கம். இங்கே அது தொழில்நுட்பத்தின் ஓர் உறுப்பாகவே இருக்கிறது.

இத்தனை பிரயாசையும் பாராட்டத்தக்கதே. ஆயினும் இது கழிவு பிறந்தபின் நடக்கும் பிரயாசை. அந்தக் கழிவு எங்கே பிறக்கிறது என்று கேட்டால், பட்டறையில் என்று சொல்வோம். அது முழு உண்மையாகாது என்பதே என் அபிப்பிராயம்.

பருத்தியும் அதன்மேல் ஏறும் ரியாக்டிவ் சாயமும் நீரில் ஒன்றையொன்று விலக்கும் இயல்புடையவை. அவ்விலக்கத்தை அடக்கிச் சாயத்தை நூலின்பால் தள்ளுவதற்கே உப்பு போடப்படுகிறது. வெளிர்ந்த நிறமாயின் கொஞ்சம் உப்பு போதும். கறுப்பும் கருநீலமும் அடர்சிவப்பும் வேண்டுமென்றால் லிட்டருக்கு 70 கிராம் அளவுக்கும், சிலபோது அதற்கு மேலும் வேண்டியிருக்கும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், கறுப்புப் பனியன் துணி கிலோ ஒன்றுக்கு 560 கிராம் உப்பு செலவாகிறது. துணியின் எடையில் பாதிக்கு மேல்! செலவாகிறது என்பதுகூடப் பிழை, அந்த உப்பில் சிறிதும் துணியில் தங்குவதில்லை; முழுவதும் கழிவோடு வெளியேறுகிறது. பழைய விஞ்ச் தொட்டிகளில் நீர் இதைப் போல இரு மடங்கு பிடித்தது. இன்றைய சாப்ட்ப்ளோ இயந்திரங்கள் அதைப் பெரிதும் குறைத்துவிட்டன. எனினும் வெளிர்நிறத்தைவிடக் கறுப்புக்கு மிகுதியான உப்பு வேண்டியதே. அவ்வுப்பை மீட்கக் கொதிகலனில் எரியும் விறகுக்கும், ஓயாமல் ஓடும் மோட்டார்களின் மின்சாரத்திற்கும் டையிங்காரர் பணம் கட்டுகிறார். ஆனால் கறுப்பு வேண்டுமென்று தீர்மானித்தவர் யார்? கடல் கடந்த ஏதோ ஒரு நகரத்தில், அடுத்த பருவத்திற்குரிய நிறப்பட்டியலை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த ஒரு வடிவமைப்பாளர். அவர் நொய்யலைக் கண்டதில்லை. காணவேண்டிய அவசியம் அவருக்கு ஒருபோதும் நேர்ந்ததுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டறை அனுப்பும் லேப் டிப் என்னும் சிறு சாய மாதிரியை, ஆர்டர் தரும் பையரின் அலுவலகம் வெளிச்சப்பெட்டியில் வைத்து நோக்கி, மயிரிழை மாறினாலும் திருப்பி அனுப்புகிறது. மாதிரியில் தேறிய நிறம் மொத்தத் துணியில் பிசகிவிட்டாலோ ரீ-டையிங் செய்ய வேண்டும். மறுபடி அதே நீர், அதே நீராவி, அதே உப்பு. அவ்வண்ணம் மறுமுறை சாயமேறிய சட்டையை வாங்கி உடுத்துகிறவரோ இரண்டு நிறங்களுக்குமுள்ள பேதத்தைக் காணமாட்டார். பட்டறையில் சாயமேற்றும் டையிங் மாஸ்டரும் வடிவமைப்பாளரும் நிறம் முடிவாகுமுன் ஒரு மணி நேரம் கலந்து பேசியிருந்தால், எவ்வளவு பேதம் பொறுக்கத்தக்கது, எந்த நிறத்தை எந்தச் சாயத்தால் குறைந்த உப்பில் எட்டலாம் என்று தெளிந்திருப்பார்கள். இரண்டு கைகளால் நூலைப் பற்றிக்கொள்ளும் சாயங்களும், உப்பு குறைவாய்க் கேட்கும் சாயங்களும் சந்தையில் இருக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். பேசுவதற்கோ காசு வேண்டியதில்லை.

துணியின் கலப்பும் அப்படியே. திருப்பூரின் கிடங்குகளில் பெண்கள் உட்கார்ந்து கட்டிங் வேஸ்ட் என்னும் வெட்டுத்துணிக் கழிவை நிறம் நிறமாகப் பிரித்து வைப்பதைக் கண்டிருப்பீர்கள். அது ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களுக்குச் சென்று, மறுபடி பஞ்சாகி நூலாகிறது. முன்பே நிறமுள்ள பஞ்சாகையால் அந்த நூலுக்குப் புதிதாய்ச் சாயம் வேண்டியதில்லை. நிலைத்த உற்பத்தி என்னும் சித்தாந்தம் அச்சாவதற்கு முன்பே நம்மவர் பிழைப்புக்காகக் கண்டுபிடித்த வித்தை இது. ஆனால் பனியன் துணியில் ஐந்து சதவீதம் ஸ்பான்டெக்ஸ் இழையைச் சேர்த்துவிட்டால் மில்லில் அது பெருந்தொல்லை தருகிறது. கழிவின் விலை விழுகிறது. அந்த ஐந்து சதவீதத்தைச் சேர்ப்பவர், கிடங்குப் பெண்ணிடமோ மில்லின் மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

டென்மார்க்கின் காலுண்போர் என்னும் கடற்கரைச் சிறு நகரில், 1961-ல் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஏரிநீர் கொண்டுவரும் ஏற்பாட்டில் தொடங்கி, அவ்வாலையின் மிகை வாயுவைச் சுவர்ப்பலகைத் தொழிற்சாலையும், அனல்மின் நிலையத்தின் நீராவியை மருந்துத் தொழிற்சாலையும், புகையைக் கழுவியதில் விளைந்த ஜிப்சத்தை மறுபடி அந்தச் சுவர்ப்பலகைத் தொழிற்சாலையும் வாங்கிக்கொள்ளும் உறவு வளர்ந்தது. யாரும் முன்கூட்டித் திட்டம் வகுக்கவில்லை. அண்டை ஆலைக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், லாபம் கண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த ஊருக்கு வாய்த்த சௌகரியம் அண்மை. நமக்கோ, தீர்மானிப்பவரும் அனுபவிப்பவரும் ஆயிரக்கணக்கான மைல் விலகி நிற்கிறார்கள். ஆயினும் இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. தஞ்சையில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்து எழுதி 1945-ல் வெளியான நிலைபேற்றுப் பொருளாதாரம் பற்றிய ஆங்கில நூலில், இயற்கையின் சுழற்சியை முறிக்காத உற்பத்தியைப் பற்றிச் சிந்தித்தார். அவரைக் கைராட்டினத்தோடு கட்டி மூலையில் வைத்துவிட்டது நமது குறை.

இனி, பாரம் யார்மேல் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். பையர் அலுவலகங்கள் ஒரு கையால் சான்றிதழ் மேல் சான்றிதழ் கேட்கின்றன. மறு கையால் சட்டைக்குச் சில சென்ட் குறைக்கச் சொல்கின்றன. சுத்திகரிப்பின் செலவை டையிங்காரர் கிலோவுக்கு இவ்வளவென்று கூலியில் ஏற்றினால், அவருக்கு வரவேண்டிய ஆர்டர் வேறிடம் போகிறது. போகிற இடத்தில் இத்தகைய சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. நிறத்தைத் தேர்ந்தவர் ஒருவர், உப்புக்குப் பணம் கட்டுகிறவர் மற்றொருவர், நிலத்தை இழந்தவர் மூன்றாமவர் என்னும் இந்த ஏற்பாடு அநியாயமானது. மீட்க முடியாத கலப்பு உப்பு, சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாய் அடுக்கப்பட்டிருக்கிறது. அதை யார் எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்கு இன்னும் திருப்தியான விடை இல்லை.

இம்மாநாட்டுக்கு வந்துள்ள கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தேன். சவ்வுகளைப் பற்றியும் கொதிகலன்களைப் பற்றியும் நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. நிறப்பட்டியல் எப்படித் தீர்மானமாகிறது என்பதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆகையால் அறிஞர்களாகிய உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். பிற்பகல் அமர்வில் முதலில் பேசும் வாய்ப்பை டையிங் மாஸ்டர்களுக்கும் ஒரத்துப்பாளையத்துக் குடியானவர்களுக்கும் விட்டுக்கொடுங்கள். நம் கட்டுரைகள் அரைமணி நேரம் காத்திருந்தால் கெட்டுப்போகமாட்டா. நாளை மாலை நீங்கள் நிறைவேற்றப்போகும் தீர்மானங்களில் ஒன்றாவது, எந்த ஆர்டருக்கும் நிறமும் துணிக்கலப்பும் முடிவாகுமுன் சாயமேற்றுபவரைக் கலந்தாக வேண்டுமென்றும், சுத்திகரிப்புச் செலவு சட்டையின் விலைப்பட்டியலில் தனி வரியாய் எழுதப்பட வேண்டுமென்றும் பையர் அலுவலகங்களை நோக்கிச் சொல்வதாயிருக்கட்டும். அதன் பிரதியை அவர்களுக்கு அனுப்பும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.