ஞாயிற்றுக்கிழமை லிபர்ட்டி

தென்னேரியில் ஒரு தறிவீடு. மகள் சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போயிருக்கிறாள். பாவு இழை பிணைக்கும்போதும் அம்மாவின் காது செல்போனிலேயே இருக்கிறது. கடும் பயிற்சி பற்றி அவருக்குக் கவலையில்லை. "ஞாயிற்றுக்கிழமை வெளியே விட்டா எங்கே போவா, யாரோட போவா?" அதுதான் பயம்.

நியாயமான பயம்தான்.

1963இல் தொடங்கிய அந்த அகாடமியில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். குறுகிய காலப் பணிக்குத் தேர்வானவர்களுக்குப் பயிற்சி 49 வாரம். வெளியே போகும் அனுமதிக்கு அங்கே ‘லிபர்ட்டி’ என்று பேர். சேர்ந்த முதல் வாரமே அது கிடைத்துவிடாது. அணிவகுப்புத் தேர்வில் தேற வேண்டும். சொன்ன உடையில் போய், சொன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும். பிந்தினால் தண்டனை உண்டு.

நாளைக்கு முப்பது வீரர்களை நடத்தப்போகிறவள், சில மணி நேரத்தைத் தானே நடத்திப் பழகுவதும் பயிற்சிதான்.

அந்த அகாடமியிலேயே பயின்று, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் பெயரில்தான் அணிவகுப்பு மைதானம் இருக்கிறது. பயிற்சி முடிகிற நாளில் மகளின் தோளில் நட்சத்திரம் சூட்டுவதற்குப் பெற்றோரையே அழைக்கிறார்கள்.

போன் அடிக்கிறது. "அம்மா, தோசை சாப்பிட்டேன். இப்ப தூங்கப் போறேன்."