கடைசிக் கூரை வரை



விருதுநகர் மாவட்டத்தின் தொழில்கள் வெயிலில் பிறந்தவை. 1922-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். கற்றுத் திரும்பி ஊரில் அந்தத் தொழிலைத் தொடங்கியபோது சுற்றிலும் வற்றாத ஆறு கிடையாது, செழித்த நஞ்சை கிடையாது. இருந்தது வானம் பார்த்த பூமி, வறண்ட காற்று, உச்சி வெயில். மருந்து முக்கிய குச்சி காய வேறென்ன வேண்டும்? சம்சாரியை வாட்டிய அதே வெயில் தீப்பெட்டிக்கு மூலதனமானது. பின்னால் பட்டாசுக்கும் அதுவே மூலதனமானது.

இன்றைக்கும் பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், மருந்து காய்வது திறந்த மேடை வெயிலில்தான். மருந்து புழங்கும் அறைக்குள் மின்கம்பி போகக் கூடாது. பகல் வெளிச்சமே அங்கே விளக்கு. நூறாண்டாகச் சூரியனை நம்பியே தொழில் செய்துவந்த ஓர் ஊர், சூரியனிலிருந்து மின்சாரம் எடுக்கும் இந்தக் காலத்தில் பின்தங்கி நிற்கலாமா? இந்த மேடையில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

தமிழ்நாட்டில் தொழில் வளர்ந்த கதையைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அரசு முதலில் கம்பி இழுத்திருக்கிறது, ஆலை பின்னால் வந்திருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையத்தை ஓடவிட்டது; கோயம்புத்தூரில் நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. 1944-இல் பாபநாசம் வந்தது, தெற்கத்திச் சீமைக்கும் மின்சாரம் வந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த ஒன்பது ஆண்டுகளில் குந்தாவும் பெரியாறும் சேர்ந்தன. மின்சாரத்தோடு தொழிற்பேட்டைகளும் வந்தன. கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் பிறந்தது. அந்தக் காலத்தில் யாரும் அதைப் பசுமை ஆற்றல் என்று அழைக்கவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கிய தண்ணீரில் புகையில்லாமல் எடுத்த மின்சாரம்தான் தமிழகத் தொழிலுக்கு முதல் அடி எடுத்துக் கொடுத்தது.

அடுத்து காற்று. 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காற்றாலைகளை நட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காடாக வளர்ந்தது. அதை வளர்த்ததில் காற்றுக்குப் பாதி பங்கு என்றால் மீதிப் பாதி மின்வாரியத்தின் ஓர் ஏற்பாட்டுக்குரியது. இராஜபாளையத்து நூற்பாலை முப்பந்தலில் காற்றாலை வைக்கலாம். அங்கே கிடைக்கிற யூனிட்டை வாரியத்தின் கம்பி வழியாகவே தன் ஆலைக்குக் கொண்டுவரலாம். ஆடிக் காற்றில் மிஞ்சியதை வாரியத்தின் கணக்கில் வைத்து, காற்று ஓய்ந்த மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். மில்காரர்கள் வாயில் இது வீலிங், பேங்கிங். பஞ்சுக்கு அடுத்தபடி மின்சாரத்துக்கே அதிகம் செலவழிக்கிற நூற்பாலைக்கு அது உயிர்மூச்சு. மாநிலத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

பிறகு சூரியன். 2012-இல் மாநில அரசு சூரிய ஆற்றலுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. 2016-இல் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, பக்கத்து மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று சொல்லப்பட்டது.

விருதுநகரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் ஒரு பயணம் போனால் இந்த வரலாறு முழுவதும் கண்ணில் படும். சாத்தூர் வட்டத்தில் இ. குமாரலிங்கபுரம், பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு அங்கே 1,052 ஏக்கர். அடுத்து தீப்பெட்டியின் கோவில்பட்டி. கயத்தாற்றில் காற்றாலைகள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா நிறுவனம் சூரிய மின்கலமும் தகடும் செய்கிற ஆலை. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அங்கே தகடு செய்கிற கைகளில் மிகப் பெரும்பாலானவை பெண்களின் கைகள். காவல்கிணறு தாண்டினால் முப்பந்தல். ஒரே வழித்தடத்தில் துணி, தீக்குச்சி, காற்று, சூரியன்! இந்தியாவில் வேறெங்கே இப்படியொரு சாலை இருக்கிறது?

சரி, அந்தச் சாலையிலிருந்து திரும்பி சிவகாசிக்குள் நுழைவோம். முட்டுச் சந்தில் தகரக் கூரை போட்ட ஓர் ஆப்செட் அச்சகம். காலண்டர் சீசனில் இரவும் பகலும் எந்திரம் ஓடும். மோட்டார் நாலைந்து தடவை காயில் கட்டியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் தின்னும். கம்ப்ரசர் குழாயில் எங்கோ காற்றுக் கசியும். எந்திரம் நின்ற பிறகும் கம்ப்ரசர் ஓடும். முதலாளிக்கு இது தெரியாமல் இல்லை. மாற்றுவதற்குப் பணம் வேண்டும், எதை முதலில் மாற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டும். அவருக்குத்தான் அரசு உதவி வேண்டும். அவரிடம்தான் அது கடைசியாக வந்து சேர்கிறது, சில நேரம் வராமலே போகிறது.

திட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. சிறு, குறு தொழில்களுக்கு மின்சாரத் தணிக்கை செய்ய மாநில அரசு பீஸ் என்றொரு திட்டம் வைத்திருக்கிறது. தணிக்கைக்கு ஆன செலவில் பெரும்பகுதியை அரசு திருப்பித் தரும். தணிக்கையாளர் சொன்னபடி எந்திரத்தை மாற்றினால் அதற்கும் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம். ஆனால் முதலில் கைக்காசைப் போட்டு, ரசீதைக் காட்டி, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் கூலி கொடுக்கவே வட்டிக்கு வாங்குகிறவருக்கு அந்த முதல் காசு எங்கிருந்து வரும்?

விசைத்தறியைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 1,000 யூனிட்டாக அரசு உயர்த்தியது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற குடும்பங்களின் வயிற்றில் பால் வார்த்த உதவி அது. அதில் கை வைக்க யாரும் நினைக்கக் கூடாது. அதோடு கூட, அந்தத் தறியின் பழைய மோட்டாரை மாற்றவும் அரசு முன்வந்தால், அதே 1,000 யூனிட்டில் இன்னும் கூடுதல் முழம் நெய்யலாம்.

கூரைமேல் சோலார் போடுகிறவர்களின் கதை வேறு. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. நிலைக்கட்டணம், உச்ச நேரக் கட்டணம் இரண்டும் சிறு தொழிலை நெருக்கின. சொந்தக் கூரையில், சொந்தப் பணத்தில் போட்ட தகடு தருகிற மின்சாரத்துக்கும் நெட்வொர்க் கட்டணம் கேட்டார்கள். 2023 செப்டம்பர் 25-ஆம் தேதி மாநிலம் முழுவதும் சிறு தொழில்கள் கதவடைத்தன. அதன்பிறகு அந்த நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. போராடியவர்கள் பெற்ற பலன் அது. குறைந்தபட்சம் சிறு அச்சகத்துக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் மீதிப் பாதியும் போக வேண்டும் என்பதே நியாயம்.

இன்னொன்று. 2022-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிப்படி, பசுமை மின்சாரத்தை வெளியிலிருந்து நேரே வாங்க 1 மெகாவாட் தேவை என்றிருந்த வரம்பு 100 கிலோவாட்டாக இறங்கியது. நடுத்தர ஆலைக்குக் கதவு திறந்தது. சிவகாசியின் சின்ன அச்சகம் அந்த வரம்புக்கும் கீழே நிற்கிறது. ஒரே தெருவில் இருக்கிற இருபது அச்சகங்கள் சேர்ந்து ஒரே நுகர்வோராகப் பதிந்து வாங்க மாநில அரசு வழி செய்தால் என்ன குறைந்துவிடும்? நூற்பாலை முப்பந்தல் காற்றை இழுத்துவந்த மாதிரி, அந்தத் தெரு கமுதி வெயிலை இழுத்துவரும்.

சின்னவருக்குத் தனிச் சலுகை கேட்பது புதிதல்ல, அன்பர்களே. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தின் விம்கோ இந்தியாவில் எந்திரத் தீப்பெட்டியைக் குவித்த காலத்தில், கையால் செய்கிற சிவகாசி எப்படிப் பிழைத்தது? உழைப்பால் மட்டுமா? ஆலையின் உற்பத்தி அளவைப் பார்த்து வரியில் வித்தியாசம் வைத்தார்கள். சின்ன ஆலைக்குக் குறைந்த கலால் வரி. அந்த வித்தியாசத்தின் நிழலில்தான் இந்த ஊர் வளர்ந்தது.

அந்த நிழலிலேயே ஓர் இருட்டும் இருந்ததை இந்த மேடையில் மறைக்கக் கூடாது. கைவேலைக்குக் கிடைத்த சலுகை குழந்தைகளின் கையையும் வேலைக்கு இழுத்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை நாடு அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஆகவே இனி வருகிற ஒவ்வொரு மானியத்தோடும் நிபந்தனை வரட்டும்: முறையான கூலி, பாதுகாப்பு, பதிவேடு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. சூரியத் தகடும் இன்வெர்ட்டரும் அலுவலகக் கூரையில் இருக்கட்டும். மருந்து அறைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பட்டாசுக்கு வருவோம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. சரவெடி கூடாது, பேரியம் கூடாது என்றது. சிவகாசி ஆடிப்போனது. நாக்பூரில் இருக்கிற நீரி ஆய்வகம் புதிய கலவைகளை உருவாக்கித் தந்தது. 2019 அக்டோபரில் அவை சந்தைக்கு வந்தன. புகைத்துகள் குறைந்தது 30 விழுக்காடு குறையும் என்பது அவற்றுக்கு வைத்த அளவுகோல். அவற்றுள் சஃபல் என்ற வகையில் அலுமினியம் குறைவு. இதில் காற்றின் தூய்மைக்கு மேலும் ஒரு பலன் உண்டு. ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கி எடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மத்தாப்பில் அலுமினியத் தூள் குறைந்தால் எங்கோ ஓர் உலையில் நிலக்கரி மின்சாரமும் குறைகிறது. மின்கம்பியே நுழையாத அறையில் வேலை செய்கிற பெண், தன் கையால் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறாள்!

நாக்பூரில் இருக்கிற ஒன்றிய அரசின் வெடிபொருள் துறையிடம் லைசென்ஸ் வாங்கிய பெரிய ஆலைக்கு வேதியியல் தெரிந்த ஆளை வைத்துக் கலவையைச் சோதிக்க வசதி உண்டு. மாவட்ட வருவாய் அலுவலர் தருகிற டி.ஆர்.ஓ. லைசென்ஸில் ஓடுகிற சின்ன ஆலைக்கு ஒவ்வொரு சோதனையும் செலவு, ஒவ்வொரு நாள் தாமதமும் தீபாவளிக்குள் சரக்கு போகுமா என்ற கவலை. மாநில அரசு அந்தச் சோதனைக் கட்டணத்தை ஏற்கட்டும். சீனாவின் பட்டாசு நகரான லியூயாங்கோடு போட்டி போடுகிற ஊருக்கு இது பெரிய கோரிக்கை அல்ல.

அடுத்து ஜவுளி. இ. குமாரலிங்கபுரத்து ஜவுளிப் பூங்காவுக்கு 2025-இல் 1,894 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு நிலையம் அதில் உண்டு. ஆனால் சாயத் தண்ணீரை முழுக்கச் சுத்திகரித்து ஆவியாக்க மின்சாரமும் வெப்பமும் ஏராளமாக வேண்டும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் தண்ணீரைக் காத்துக் காற்றைக் கெடுத்ததாகும். கட்டடம் எழும்பும் முன்பே கூரைகள் தகட்டுக்கு ஏற்றபடி வரையப்பட வேண்டும். இப்போது கேட்டால் நடக்கும். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடித்துத்தான் கட்டவேண்டும்.

கடைசியாக, நாள்காட்டி அச்சடிக்கிற ஊரின் நாள்காட்டியை அரசு பார்க்க வேண்டும். தீபாவளி முடிந்ததும் பயராபீஸ்கள் சில வாரம் மூடிக்கிடக்கும். ஆட்களும் ஓய்வில் இருப்பார்கள், கையில் கொஞ்சம் காசும் புரளும். தணிக்கையாளர்கள் அந்த வாரங்களில் வரட்டும். மாவட்டத் தொழில் மையமும் தொழில் முதலீட்டுக் கழகமும் வங்கிகளும் சிவகாசியிலும் சாத்தூரிலும் ஒரே பந்தலில் முகாம் போடட்டும். மானியத்தில் ஒரு பங்கை முன்பணமாகத் தரட்டும். கடன் தவணையை மாதாமாதம் கேட்காமல், சரக்குப் போய்ப் பணம் வருகிற புரட்டாசி, ஐப்பசியில் வாங்கிக்கொள்ளட்டும். இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி, இன்று மாலையே மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க இந்த அவை இசைய வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.