தொற்று நோய்க் காலமும் நமது பிரதேச சபையும்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டு வேலையையும் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். பெரிய தொற்று நோய் ஒன்று வந்தால் பிரதேச சபை நமக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய விஷயம். "கோவிட்தான் போயிருச்சே, இப்ப எதுக்குங்க அந்தப் பேச்சு?" என்று கேட்பீர்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

என் சொந்த ஊர் கிளிவெட்டி. திருகோணமலை மாவட்டத்தில் மூதூர்ப் பக்கம் உள்ள வயல் கிராமம். 2020 மார்ச் 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போட்டபோது நான் இங்கே இருந்தேன். அம்மா டெலிபோனில், "மகன், இப்ப வராதே. வழியில நோயை வாங்கிக் கொண்டு வந்து எங்களுக்கும் தந்திடுவாய்" என்றார். அடுத்த வருடம் என் அண்ணனுக்கே நோய் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பெரிய வளவு உண்டு. சொந்தக் கிணறு, பின்பக்கம் தனியாக மலசலகூடம். வளவு மூலையில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு 14 நாள் அதில் இருந்தார். சாப்பாட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு வருவார்கள். வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை.

அதே 2021 இல் நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு லயத்தை மூடினார்கள். பன்னிரண்டு குடும்பம், ஒரே பீலி. "தனியாக இருங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்" என்று சொல்லப் போனேன். ஒரு அம்மா வாசலில் நின்றபடியே கேட்டார்: "ஐயா, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுல ஏழு பேர் இருக்கோம். இதுல எதுங்க தனி? பீலிக்குப் போகக்கூடாதுன்னா தண்ணிக்கு எங்க போறது?" எனக்குப் பதில் வரவில்லை.

தண்ணீர் பவுசர் ஒன்று கேட்டு சபைக்குப் போன் செய்தேன். "அது தோட்டம், துரையிடம் கேளுங்கள்" என்றார்கள். தோட்டக் காரியாலயத்தில் கேட்டால், "அது சபையின் வேலை" என்றார்கள். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தலையிட்ட பிறகுதான் தண்ணீர் வந்தது. அந்த இரண்டு நாளும் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மதகில் வைத்தார்கள்.

இதில் என் பிழையும் இருக்கிறது. எனக்கு அப்போது சட்டம் தெரியாது. பிரதேச சபைச் சட்டம் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். பொதுச் சுகாதாரம், வீதி, பொது வசதிகள் ஆகியவை சபையின் பொறுப்பு என்கிறது அது. ஆனால் அதன் 33 ஆம் பிரிவைக் காட்டித் தோட்டக் குடியிருப்புக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொல்லி வந்தார்கள். நாம் வாக்களித்தோம், வீதியும் தண்ணீரும் கிராமத்துக்குப் போனது. 2018 இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். தோட்டத்துக்கும் சபை சேவை செய்ய வழி திறந்தது. ஆக 2021 இல் நான் கேட்டது பிச்சை இல்லை. அது எனக்கும் தெரியவில்லை, போனை எடுத்தவருக்கும் தெரியவில்லை.

யாரிடம் எதைக் கேட்பது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். நோயாளியைத் தனிமைப்படுத்துவது, தடுப்பூசி போடுவது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயம். 2020 இல் கொடுத்த 5000 ரூபாய் போன்ற நிவாரணம் பிரதேச செயலகத்தின் வழியாக, கிராம உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் பார்ப்பது. குப்பை, சந்தை, பொதுக் கிணறு, மயானம் ஆகியவை பிரதேச சபை.

மயானம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டது. அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. எங்கே அடக்குவது? முதலில் இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் ஓட்டமாவடியில், கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள், மஜ்மா நகரில் இடம் கிடைத்தது. எங்கள் கிளிவெட்டியிலிருந்து வெருகல், வாகரை தாண்டித் தெற்கே போனால் அந்தப் பக்கம் வரும். 2021 மார்ச் 5 முதல் ஒரு வருடத்துக்குள் 3600 க்கும் அதிகமானவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். முஸ்லிம்கள்தான் அதிகம். மற்ற மதத்தவரும் அங்கே இருக்கிறார்கள். கட்டாயமாக எரித்ததற்கு மன்னிப்புக் கேட்பதென்று அமைச்சரவை 2024 இல் முடிவு செய்தது. ஊர் பேர் தெரியாதவருக்கும் ஆறடி நிலம் கொடுத்தது அந்தச் சின்ன ஊர்.

கேரளாவையும் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பஞ்சாயத்துகள் சமூகச் சமையலறை திறந்தன. குடும்பஸ்ரீ பெண்கள் சமைத்தார்கள். பட்டினி இருப்பவர் யார் என்று வார்டு மெம்பருக்குத் தெரியும், சோறு வீட்டுக்கே போனது. பக்கத்தில் இருக்கும் சபைக்குத்தான் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும். தெரியாவிட்டால் நாம்தான் தெரியப்படுத்த வேண்டும்.

தனிமைப்படுத்தல் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பூட்டனை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்துச் சோதித்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். அன்று கேள்வி கேட்க அவர்களுக்கு இடமில்லை. இன்று நமக்கு இருக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேரைப் பொறுப்பாக வையுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வயதானவர், கர்ப்பிணித் தாய், சீனி வியாதி, பிரஷர் உள்ளவர் யார் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாசிகசாலை, பிள்ளைக் காம்பரா, கோவில் மண்டபம், இவற்றில் எதை நோயாளிக்கு ஒதுக்கலாம் என்று இப்போதே துரையிடமும் தலைவர்மாரிடமும் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டாவது தண்ணீர்க் குழாய் கேட்டுச் சபைக்குக் கடிதம் எழுதுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்து, கடிதம் கிடைத்ததற்குக் கையொப்பமும் வாங்குங்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருடம் உறுப்பினரே இல்லாமல் கிடந்தது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்து மறுபடியும் உறுப்பினர் வந்திருக்கிறார்கள். வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவரைத் தண்ணீர்க் கதை பேசவும் கூப்பிடுங்கள்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் முழுப் பதில் என்னிடம் இல்லை. தனி வீடு கிடைக்கும்வரை அது பாக்கிதான். ஆனால் அடுத்த முறை பவுசருக்காக இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. கடிதம் எழுத உதவி வேண்டுமானால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பேனையும் கடதாசியும் கொண்டு வந்திருக்கிறேன்.