தாய்வீட்டுச் சேலை

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையோரச் சிற்றூர்களை அழித்தது. மயிலாப்பூரில் நாங்கள் வீடுதோறும் பழந்துணி திரட்டி அனுப்பினோம். சில வாரங்களுக்குப் பின் நான் அங்குச் சென்றபோது, சாலையோரங்களில் துணிகள் குவிந்து கிடந்தன, எடுப்பாரில்லை. ‘இல்லாதவர்க்கு இத்துணை வீம்பா?’ என எண்ணினேன்.

மீனவ இளம்பெண் ஒருத்தி கூறினாள்: “ஐயா, நான் மீன்கூடை சுமக்கையில் உடுத்துவதும் பழைய சேலைதான். ஆனால் அது அம்மா துவைத்து மடித்துக் கையில் தந்தது. வீடு போயிற்று, உடுத்தியிருக்கும் இச்சேலைதான் மிச்சம். இவற்றையோ லாரியிலிருந்து தெருவில் கொட்டிப் போனார்கள்.”

நாணித் தலைகுனிந்தேன். பழமை குற்றமன்று, கொடுத்த முறையே குற்றம். துவைத்து, கிழிசல் தைத்து, மடித்து, மகளுக்குத் தருவதுபோல் தாருங்கள். அப்போது அது பிச்சையாகாது, தாய்வீட்டுச் சீராகும்.