திருநர் நோயாளரும் தாதிய மாணவியரும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இங்கிருந்து தாதியராகப் போனவர்கள் பலர். அவர்களுள் என்னைப் போன்ற சிலர் தாதியருக்குக் கற்பிக்கவும் போனோம். ஆகவே இன்று என் வகுப்பறை விடயம் ஒன்றையே பேசுகிறேன்: திருநர் ஒருவர் வாட்டுக்கு வந்தால் எங்கள் மாணவிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"மரியாதையாக நடத்த வேணும், மிஸ்" என்று உடனே சொல்வார்கள். சரிதான், ஆனால் போதாது. 2019இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' சஞ்சிகையில் வந்த சம்பவம் ஒன்றை நான் அவர்களுக்குச் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 32 வயது ஆண் ஒருவர் கடும் வயிற்றுவலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். தான் திருநம்பி என்பதையும், வீட்டில் செய்த பரிசோதனை கர்ப்பம் என்று காட்டியதையும் தாதியிடம் சொல்கிறார். பதிவில் அவர் ஆண். உடற்பருமன், உயர் குருதியமுக்கம், மருந்தை நிறுத்தியவர் என்று கண்டு, அவசரமில்லாதவராக வகைப்படுத்துகிறார்கள். பல மணி நேரத்தின் பின் வைத்தியர் பார்த்தபோது தொப்புள்கொடி நழுவியிருந்தது. குழந்தை இறந்தே பிறந்தது.

அந்தத் தாதியை எவரும் கொடியவராகக் காட்டவில்லை. நோயாளர் சொன்னார், தாதியும் கேட்டார். 'ஆண்' என்று பதிவானதும் அடுத்து எழவேண்டிய கேள்வி எழவில்லை, அவ்வளவுதான். அந்தக் கேள்வியைத்தான் நாம் கற்பிக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்கும் புரொஸ்டேட் சுரப்பி இருக்கும். ஈஸ்ட்ரஜன் எடுப்பவரின் கால் திடீரென வீங்கினால் குருதிக்கட்டியை நினைக்க வேண்டும். கருப்பை அகற்றப்படாத திருநம்பிக்குப் பாப் பரிசோதனை தேவை. பெண்கள் நிறைந்த கிளினிக்கில் அவர் எப்படி வந்து உட்காருவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தேவையானதை மட்டும் கேட்கவும் பழக வேண்டும். டெங்குவோடு வந்தவரிடம் "ஒப்பரேஷன் செய்தாச்சா?" என்று கேட்பது வம்பு. திரையில்லாத வாட்டில், பார்வையாளர் நேரத்தில், எதையுமே கேட்கக்கூடாது.

பெயரும் அப்படித்தான். 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று ஆவணங்களை மாற்றலாம். ஆனால் பழைய அடையாள அட்டையோடு வருபவரும் உண்டு. கட்டில் சீட்டில் அந்தப் பெயர் இருக்கட்டும்; மருந்து கொடுக்கும்போது அவர் விரும்பும் பெயரால் கூப்பிடுங்கள்.

வகுப்பில் மாணவிகளை இருவர் இருவராக இருத்தி, ஒருவர் நோயாளராகவும் மற்றவர் தாதியாகவும் பேசவிடுவேன். முதலில் சிரிப்பு வரும். பிறகு சொல் வராமல் தடுமாறுவார்கள், ஏனென்றால் இவற்றை நோகாமல் கேட்க எங்கள் பேச்சுத் தமிழில் பழகிய வாக்கியங்கள் குறைவு. அவற்றைத் திருநரோடு இருந்துதான் எழுத வேண்டும், வகுப்புக்கு வரும் அவர்களுக்கு விரிவுரையாளருக்குரிய கொடுப்பனவும் கொடுக்க வேண்டும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாட்டுகளில் நிற்கும் தங்கைமாரே, நீங்கள் அங்கே எப்படிக் கேட்கிறீர்கள்? தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த தொகுதி மாணவியர் வருமுன் எனக்கு அவை தேவை.